உதிர மறுத்த செல்கள்: பி.சி.எல்.-2 புரதம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று வருபவரின் நிணநீர் முடிச்சை எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் வட்ட வட்டமான திட்டுகள் தெரியும். நோய் எதிர்ப்புக்கான பி-செல்கள் பெருகும் இடங்கள் அவை. கிருமித் தொற்றால் வீங்கிய முடிச்சு என்றால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஆங்காங்கே வெளிறிய பெரிய செல்கள் இருக்கும். அவற்றின் வயிற்றுக்குள் கருநீலத் துணுக்குகள் கிடக்கும். அவை செத்துப்போன பி-செல்களின் மிச்சம். வெளிறிய செல்கள் அந்த மிச்சத்தை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோபேஜ்கள். இத்தனை சாவு தெரிகிற முடிச்சுதான் ஆரோக்கியமான முடிச்சு.

சில முடிச்சுகளில் வட்டங்கள் நெருக்கியடித்து நிற்கும், ஆனால் அந்தத் துணுக்குகளைத் தேடினாலும் கிடைக்காது. எல்லாச் செல்களும் உயிரோடு, ஒன்றுபோல, அமைதியாக இருக்கும். நோயியல் மருத்துவர் அப்போது பி.சி.எல்.-2 என்ற புரதத்தைக் காட்டும் பழுப்புச் சாயத்தைப் போட்டுப் பார்ப்பார். தொற்றால் வீங்கிய முடிச்சில் வட்டத்தின் நடுப்பகுதி வெறுமையாக நிற்கும், வெளிவிளிம்பு மட்டும் பழுப்பேறும். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற புற்றுநோயில் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியே பழுப்பேறிக் கிடக்கும்.

நடுப்பகுதி ஏன் வெறுமையாக இருக்க வேண்டும்? அங்கே பி-செல்கள் தங்கள் எதிர்ப்புரத மரபணுவை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பார்க்கின்றன. கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிற எதிர்ப்புரதம் அமைந்தால் அந்தச் செல் பிழைக்கும். பெரும்பாலானவற்றுக்கு அமையாது, அவை சாக வேண்டும். அதற்காகவே உடல் அந்த இடத்தில், செல்லைச் சாகவிடாத பி.சி.எல்.-2வை விளக்கை அணைப்பதுபோல் அணைத்து வைக்கிறது. அணைக்க முடியாமல் போனால் தேறாத செல்லும் தங்கிவிடும்.

அந்த ஒரு புரதத்தைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது. 1984இல் அது கண்ணில் பட்டது முதல், அதை அடக்கும் மாத்திரை 2016இல் மருந்துக்கடைக்கு வந்தது வரையும், அதற்குப் பின் அந்த மாத்திரை எங்கெல்லாம் தடுக்கி விழுந்தது என்பது வரையும். செல் மரணம் உடலில் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது, கட்டுப்பாடு கைமீறினால் என்ன ஆகிறது என்ற இரண்டையும் ஒரே புரதத்தில் காட்ட முடியும் என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

பெயரும் முறையும்

ஆஸ்திரேலிய நோயியலாளர் ஜான் கெர், எலியின் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயைக் கட்டிவிட்டு, அங்கே செல்கள் எப்படிச் சாகின்றன என்று 1960களில் பார்த்துக்கொண்டிருந்தார். அடிபட்ட செல் ஊதி, வெடித்து, உள்ளிருப்பதைச் சுற்றிலும் கொட்டும். அந்த இடம் வீங்கிச் சிவக்கும். அவர் பார்த்த செல்களில் சில அப்படிச் சாகவில்லை. சுருங்கின, துண்டு துண்டாகப் பிரிந்தன, ஒவ்வொரு துண்டும் சவ்வால் பொதியப்பட்டிருந்தது, பக்கத்துச் செல்கள் அவற்றை எடுத்து விழுங்கிவிட்டன. வீக்கமும் இல்லை, தழும்பும் இல்லை.

1972இல் கெர், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருந்த ஆண்ட்ரூ வைலி, அலஸ்டைர் கரி ஆகியோருடன் சேர்ந்து இதற்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டார். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் சொல்லிக்கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் கிரேக்கத்தில் அப்படிச் சொல்வார்களாம். தமிழில் இதைவிட நெருங்கிய சொல் கைவசம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று பூவின் பருவங்களை அடுக்கி வரும்போது உதிரும் பூவுக்கு 'வீ' என்று பெயர். வீதல் என்றால் சாதல். உதிர்வதும் சாவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற மொழியில் இதை விளக்குவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்த உதிர்வு இல்லாமல் உடலே அமையாது. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் செத்து விலகினால்தான் விரல் பிரியும். தலைப்பிரட்டையின் வால் கரைவதும் இப்படித்தான். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி-செல்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே வராமலே செத்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நம் உடலையே தாக்கக்கூடியவை.

இது 'திட்டமிட்ட' சாவு என்பதற்கு எண்ணிக்கையோடு சான்று தந்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. சி. எலிகன்ஸ் என்ற அந்தப் புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் உருவாகின்றன. அவற்றில் 131 செத்துவிடும், 959 நிற்கும். எந்தப் புழுவைப் பார்த்தாலும் அதே 131 செல்கள், அதே நேரத்தில். கேம்பிரிட்ஜில் ஜான் சல்ஸ்டன் ஒவ்வொரு செல்லின் வம்சாவளியையும் கண்ணால் பார்த்து வரைந்து வைத்தார். அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். செட்-3, செட்-4 இரண்டும் கொல்பவை, செட்-9 காப்பாற்றுவது. இந்தப் புழுவை ஆய்வுக்குக் கொண்டுவந்த சிட்னி பிரென்னரோடு சேர்த்து மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இடம் மாறி ஒட்டிய மரபணு

இனி நம் புரதம். ஃபாலிகுலர் லிம்ஃபோமா நோயாளிகளின் புற்றுச்செல்களில் 14ஆம் குரோமோசோமின் நுனியும் 18ஆம் குரோமோசோமின் நுனியும் இடம் மாறி ஒட்டியிருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். பத்தில் எட்டுக்கு மேற்பட்டோரிடம் அது இருக்கும். ஒட்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று பிலடெல்பியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் யோஷிஹிடே சுஜிமோட்டோவும் கார்லோ குரோச்சேவும் தேடி, 1984இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். பி-செல் லிம்ஃபோமாவில் கண்ட இரண்டாவது மரபணு என்பதால் பி.சி.எல்.-2.

நடந்திருப்பது இதுதான். பி-செல் எதிர்ப்புரதம் செய்வதற்காகத் தன் 14ஆம் குரோமோசோமைத் தானே வெட்டி ஒட்டும். அந்த வெட்டு ஒட்டில் ஒரு பிசகு நேர்ந்து, 18இல் இருந்த பி.சி.எல்.-2 வந்து எதிர்ப்புரத மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எதிர்ப்புரத மரபணு பி-செல்லில் ஓயாமல் ஓடுவது. அதன் பக்கத்தில் உட்கார்ந்ததும் பி.சி.எல்.-2வும் ஓயாமல் ஓடத் தொடங்கிவிடும். அணைக்க வேண்டிய இடத்திலும் அணையாது.

அன்றைக்குப் புற்றுநோய் மரபணு என்றாலே செல்லைப் பெருகச் செய்வது என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பல ஆய்வகங்கள் தேடின. சரியான பதிலைக் கொடுத்தவர் மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த டேவிட் வாக்ஸ். சுசான் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் இருவரும் அவருடைய வழிகாட்டிகள்.

இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதுதான். எலியின் ரத்தச்செல் வகை ஒன்று இருக்கிறது, ஐ.எல்.-3 என்ற வளர்ச்சிப் பொருளை ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அது தட்டில் வாழும். நிறுத்தினால் ஓரிரு நாளில் செத்துப்போகும். வாக்ஸ் அந்தச் செல்களுக்குள் பி.சி.எல்.-2வைப் புகுத்திவிட்டு ஐ.எல்.-3யை நிறுத்தினார். செல்கள் பெருகவில்லை. ஆனால் சாகவும் இல்லை. சிறுத்து, சும்மா, நாட்கணக்கில் அப்படியே கிடந்தன. மறுபடி ஐ.எல்.-3யை ஊற்றியதும் ஒன்றும் நடக்காததுபோல் பெருகத் தொடங்கின.

1988இல் வெளியான அந்த முடிவோடு புற்றுநோய் பற்றிய கணக்கே மாறியது. பிறப்பு கூடினால் ஊர் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாவு நின்றாலும் ஊர் பெருகும் என்பதைப் புற்றுநோயில் முதன்முதலாகக் காட்டியது இந்த மரபணு. ஃபாலிகுலர் லிம்ஃபோமா பல ஆண்டுகள் மெதுவாக நகரும் நோயாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். செல்கள் வேகமாகப் பெருகுவதில்லை, போக வேண்டியவை போகாமல் தேங்குகின்றன.

பி.சி.எல்.-2 மட்டும் தனியாகப் புற்றை உண்டாக்குவதும் அரிது. நுட்பமான பரிசோதனையில் தேடினால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் பெரியவர்கள் பலரின் ரத்தத்திலும் இந்த 14–18 மாற்றம் கொண்ட செல்கள் சில கிடைக்கின்றன. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் லிம்ஃபோமா வருகிறது. சாகாமல் தங்கிய செல்லுக்கு இன்னும் சில பிசகுகள் சேர வேண்டும். அவை சேரும் அளவுக்கு அதை நெடுநாள் தங்க வைப்பதுதான் பி.சி.எல்.-2 செய்யும் கெடுதல்.

பிறகு வாக்ஸ் அமெரிக்காவுக்குப் போனார். மனிதனின் பி.சி.எல்.-2வைப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தார். சாக வேண்டிய புழுச்செல்கள் சில பிழைத்துக்கொண்டன. அது 1992. புழுவின் செட்-9 மரபணுவும் மனிதனின் பி.சி.எல்.-2வும் உறவுக்காரர்கள் என்பதை 1994இல் ஹார்விட்ஸின் ஆய்வகம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் காட்டியது. புழுவும் நாமும் பிரிந்து பல பத்துக் கோடி ஆண்டுகள் ஆகியும் சாவின் ஒழுங்குமுறை மாறவில்லை.

பூட்டும் சாவியும் இருக்கும் இடம்

பி.சி.எல்.-2 எதைத் தடுக்கிறது? அது உட்கார்ந்திருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில். செல்லுக்கு ஆற்றல் தரும் அதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் சாவைத் தொடங்கும் பொருளும் இருக்கிறது. சியாவோடாங் வாங்கின் ஆய்வகம் 1996இல் அதைக் கண்டுபிடித்தது. சுவாசத்துக்குத் தேவையானது என்று பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த சைட்டோகுரோம் சி தான் அது. உள்ளே இருக்கும்வரை ஆற்றலுக்கு உதவும். வெளியே கசிந்தால் வேறு புரதங்களோடு கூடி, ஏழு ஆரம் கொண்ட ஒரு சக்கரமாக அமையும். அந்தச் சக்கரம் கேஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகளை எழுப்பும். அவை எழுந்துவிட்டால் செல்லின் புரதங்கள் நூற்றுக்கணக்கில் வெட்டுப்படும், டி.என்.ஏ. துண்டாகும், செல் பொட்டலம் பொட்டலமாகப் பிரியும். அதற்கு மேல் திரும்பி வருவது மிக அரிது. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: அந்தச் சவ்வில் ஓட்டை விழுமா, விழாதா?

அதை முடிவு செய்வது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று வகைப் புரதங்கள். பாக்ஸ், பாக் என்ற இரண்டும் ஓட்டை போடுபவை. பி.சி.எல்.-2, பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 போன்றவை அதைத் தடுப்பவை. பிம், பூமா, நாக்ஸா போன்ற சிறிய புரதங்கள் ஆபத்துச் செய்தி கொண்டுவருபவை: வளர்ச்சிப் பொருள் தீர்ந்துவிட்டது, டி.என்.ஏ. அறுந்துவிட்டது, பட்டினி என்று ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு தூதர். தடுக்கும் புரதங்களின் மேற்பரப்பில் ஒரு நீளமான பள்ளம் இருக்கிறது. தூதர் வந்தால் அந்தப் பள்ளத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளம் எல்லாம் நிரம்பிய பிறகும் தூதர்கள் வந்துகொண்டே இருந்தால் பாக்ஸும் பாக்கும் அவிழ்ந்துவிடும், ஓட்டை விழும்.

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இரண்டு எலிச் சோதனைகள் போதும். ஸ்டான்லி கோர்ஸ்மேயரின் குழு 1993இல் பி.சி.எல்.-2 இல்லாத எலிகளை உருவாக்கியது. அவை பிறந்தன, ஆனால் சில வாரங்களில் ரோமம் நரைத்தது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறைந்தன, நிணநீர்ச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மெல்போர்னில் 2001இல் அதே மாதிரி எலிகளில் பிம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் எடுத்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. தடுப்பவரை முழுக்க இழந்த எலியைத் தூதரில் பாதியைக் குறைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். நலம் என்பது இங்கே இந்தப் புரதம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற ஒற்றை அளவில் இல்லை. தடுப்பவர், தூதர் என்ற தராசின் இரண்டு தட்டுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதை வைத்தே ஒரு முக்கியமான விஷயத்தை அமெரிக்க ஆய்வாளர் ஆண்டனி லெட்டாய் கண்டார். புற்றுச்செல் சாவை மறந்த செல் என்று பொதுவாகச் சொல்கிறோம். பல புற்றுச்செல்கள் உண்மையில் சாவின் விளிம்பிலேயே நிற்கின்றன. அவற்றுக்குள் நடக்கும் கோளாறுகளால் தூதர்கள் குவிந்து கிடக்கிறார்கள். அத்தனை பேரையும் பி.சி.எல்.-2 பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடியைத் தளர்த்தினால் வேறு விஷம் எதுவும் வேண்டாம், செல் தானே உதிரும். அப்படித் தூதர்கள் குவியாத சாதாரணச் செல்லுக்கு அதே தளர்வு பெரிதாக ஒன்றும் செய்யாது.

பள்ளத்தை அடைக்கும் மாத்திரை

சொல்வது எளிது. நொதிகளுக்கு ஆழமான குழி இருக்கும், மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே இருப்பது ஒரு புரதம் இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் நீண்ட, ஆழமற்ற பள்ளம். இப்படிப்பட்ட இடத்துக்கு மாத்திரை செய்யவே முடியாது என்பதுதான் அன்றைய மருந்துத் துறையின் பொதுவான நம்பிக்கை. பி.சி.எல்.-2 உருவாகாமலே தடுக்க ஒப்ளிமெர்சன் என்ற மருந்தை வேறொரு வழியில் செய்து பார்த்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை.

சிகாகோ அருகே அபாட் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபெசிக்கின் குழு 1996இல் பி.சி.எல்.-எக்ஸ்.எல்.லின் வடிவத்தைக் கண்டது. அந்தப் பள்ளத்தில் அருகருகே லேசாக ஒட்டும் சின்னச் சின்ன மூலக்கூறுகளைக் காந்த ஒத்ததிர்வு முறையில் தேடி, ஒட்டியவற்றை ஒன்றோடொன்று கோத்தார்கள். 2005இல் ஏ.பி.டி.-737 வந்தது. வாயால் சாப்பிடும்படி அதைத் திருத்தியது நாவிடோகிளாக்ஸ்.

நாவிடோகிளாக்ஸ் புற்றுச்செல்லைக் கொன்றது. கூடவே நோயாளிகளின் தட்டணுக்களும் குறைந்தன. டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு எண்ணிக்கை கேட்கும் அதே பிளேட்லெட். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, ஆனாலும் அதற்கும் திட்டமிட்ட சாவு உண்டு. அதன் பத்து நாள் ஆயுளை அளப்பது பி.சி.எல்.-எக்ஸ்.எல். தான் என்று மெல்போர்ன் குழு 2007இல் காட்டியிருந்தது. அந்தப் புரதம் மெல்ல மெல்லத் தேய, பாக் விடுபட்டுத் தட்டணுவை முடிக்கிறது. நாவிடோகிளாக்ஸ் பி.சி.எல்.-2வோடு பி.சி.எல்.-எக்ஸ்.எல்.லையும் அடைத்ததால் தட்டணுக்களின் நாள் முன்கூட்டியே முடிந்தது. மருந்தின் அளவைக் கூட்ட முடியவில்லை.

அப்போது வேண்டியிருந்தது இரண்டையும் பிரித்தறியும் மருந்து. பள்ளங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சு. வழி தெரிந்தது ஒரு படிகத்தில். நாவிடோகிளாக்ஸின் ஒரு பகுதியை நீக்கி பி.சி.எல்.-2வோடு படிகமாக்கியபோது, காலியாக இருந்த இடத்தில் பக்கத்துப் புரத மூலக்கூறின் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் கிளை ஒன்று தானாக நுழைந்து உட்கார்ந்திருந்தது. அது கைகோத்திருந்தது பி.சி.எல்.-2வின் அமினோ அமில வரிசையில் 103ஆவது இடத்தில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தோடு. பி.சி.எல்.-எக்ஸ்.எல்.லில் அந்த இடத்தில் இருப்பது குளுட்டாமிக் அமிலம், ஒரே ஒரு கார்பன் நீளம் அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும் வளையத்தை மருந்தில் சேர்த்தார்கள். ஏ.பி.டி.-199 பிறந்தது, இன்றைய வெனடோகிளாக்ஸ். பி.சி.எல்.-2வை அது பிடிக்கும் இறுக்கம் பி.சி.எல்.-எக்ஸ்.எல்.லைப் பிடிப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம்.

முதல் நோயாளிகள்

மனிதர்களில் சோதனை 2011இல் தொடங்கியது. ஆண்ட்ரூ ராபர்ட்ஸ், ஜான் செய்மோர் ஆகிய மெல்போர்ன் மருத்துவர்கள் அதில் முன்னின்றார்கள். தேர்ந்தெடுத்த நோய் க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எல்.எல். இதில் 14–18 மாற்றம் அரிது. ஆனால் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு போய்விட்டிருக்கும். பி.சி.எல்.-2வை அடக்கி வைக்கும் இரண்டு குட்டி ஆர்.என்.ஏ.க்கள் அந்தத் துண்டில்தான் இருந்தன. அடக்குபவை போனதால் இங்கேயும் பி.சி.எல்.-2 குவிந்துவிடுகிறது. வழி வேறு, வந்து சேர்ந்த இடம் ஒன்று.

மற்ற மருந்துகளுக்கு மசியாத சி.எல்.எல். நோயாளிகள் மூவருக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மூவரின் ரத்தத்திலும் புற்றுச்செல்கள் கரைந்ததற்கான அடையாளங்கள் தெரிந்தன. செல்கள் மெல்லக் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒரே நாளில் சரிந்தன.

அதுவே ஆபத்தாகவும் ஆனது. முற்றிய சி.எல்.எல்.லில் புற்றுச்செல்களின் எண்ணிக்கை லட்சம் கோடியைத் தொடும். அத்தனையும் சேர்ந்தாற்போல் சாகும்போது, ஒழுங்காகப் பொட்டலம் கட்டி விழுங்கும் வேலை ஈடுகொடுக்காது. உள்ளிருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைபடும், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். அளவைக் கூட்டிக்கொண்டு போன முதல் கட்டத்தில் 56 பேரில் மூவருக்கு இது நோயாகவே வெளிப்பட்டது. ஒருவர் இறந்தார். மருந்து வேலை செய்யாததால் வந்த சாவு இல்லை அது, எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை செய்ததால் வந்தது. சோதனையில் சேர ஒப்புக்கொண்ட அந்த மனிதர் கொடுத்த விலைதான் இன்று ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்கும் பாதுகாப்பு. இதைச் சொல்லாமல் இந்த மருந்தைப் பற்றி எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

அதன்பின் முறையை மாற்றினார்கள். முதல் வாரம் தினமும் 20 மில்லிகிராம், அடுத்த வாரம் 50, பிறகு 100, 200, ஐந்தாம் வாரத்தில் 400. தொடங்குவதற்கு முன்பே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, நிறையத் தண்ணீர், புற்றின் சுமை அதிகமென்றால் மருத்துவமனையில் படுக்கை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இப்படி மாற்றிய பிறகு சேர்ந்த 60 பேரில் ஒருவருக்குக்கூட அந்தச் சிக்கல் நோயாக வெளிப்படவில்லை.

மொத்தம் 116 பேரில் 79 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது, 20 சதவீதத்தினருக்கு முழுத் தணிவு. இந்த முடிவுகள் 2016 ஜனவரியில் வெளியாயின. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. முதலில் அனுமதி கிடைத்தது 17ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியை இழந்த நோயாளிகளுக்கு. அந்தப் பகுதியில் இருப்பது பி53 என்ற புரதத்தின் மரபணு. டி.என்.ஏ. அறுந்தால் பூமா, நாக்ஸா ஆகிய தூதர்களை அனுப்புவது அதுதான். வழக்கமான கீமோ செல்லை அடித்துக் காயப்படுத்தும். காயத்தைக் கேட்டுச் செய்தி அனுப்ப பி53 வேண்டும். அது இல்லாத செல்லுக்குக் கீமோ செவிடன் காதில் ஊதிய சங்கு. வெனடோகிளாக்ஸ் பி53க்கு அடுத்த படியில் வேலை செய்கிறது. அதனால் அந்தப் பிரிவினரிலும் 71 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது.

தடுக்கிய இடங்கள்

பி.சி.எல்.-2 முதலில் கிடைத்தது ஃபாலிகுலர் லிம்ஃபோமாவில். அங்கே இந்த மருந்து இன்னும் நன்றாக வேலை செய்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. தனியாகக் கொடுத்த சோதனையில் 38 சதவீதத்தினருக்கு மட்டுமே பலன். பி.சி.எல்.-2 நிறைய இருப்பதும், செல் அதை மட்டுமே நம்பி இருப்பதும் வேறு வேறு. விடுபட்ட தூதரைப் பிடிக்க எம்.சி.எல்.-1னும் பி.சி.எல்.-எக்ஸ்.எல்.லும் காத்திருந்தால் ஒரு கதவைத் திறந்து என்ன பயன்? அப்படியானால் எம்.சி.எல்.-1ஐயும் அடைப்போம் என்று கிளம்பிய மருந்துகள் இதயத்தில் சேதத்தின் அறிகுறிகளைக் காட்டி நின்றன. இதயத் தசை உயிரோடு இருப்பதற்கு எம்.சி.எல்.-1 வேண்டும்.

அக்யூட் மயலாய்ட் லுகேமியா என்ற வேகமான ரத்தப் புற்றுநோயில் கதை வேறு. கடுமையான கீமோ தாங்காத முதியவர்களுக்கு அசாசிட்டிடின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தபோது பாதிப் பேர் வாழ்ந்த காலம் 9.6 மாதம், வெனடோகிளாக்ஸைச் சேர்த்தபோது 14.7 மாதம். 2020இல் வந்த இந்த முடிவு வயதானவர்களின் சிகிச்சையையே மாற்றியது. மைலோமா என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயிலோ எதிர்மாறு. மற்ற மருந்துகளோடு வெனடோகிளாக்ஸைச் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் நோய் கட்டுக்குள் வந்தது, ஆனால் இறப்பு கூடியது. அந்தச் சோதனையைப் பற்றி 2019 மார்ச்சில் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. சாவின் தராசு உடல் முழுக்கப் பொதுவானது. புற்றுச்செல்லுக்கு மட்டும் என்று தனித் தராசு கிடையாது.

மிச்சம் இருப்பது சி.எல்.எல்.லிலேயே மருந்தை மீறி நோய் திரும்பியவர்கள். மெல்போர்ன் குழு அப்படிப்பட்ட 15 பேரின் செல்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டது. அவர்களில் ஏழு பேரிடம் பி.சி.எல்.-2வின் 101ஆவது இடத்தில் கிளைசின் போய் வேலின் வந்திருந்தது. சிகிச்சை தொடங்கும் முன் அது அவர்களிடம் இல்லை. 19 முதல் 42 மாதம் கழித்துத்தான் தலைகாட்டியது. அதற்கும் பல மாதம் கழித்தே நோய் வெளியே தெரிந்தது. மருந்து பி.சி.எல்.-2வைத் தேர்ந்து பிடிக்க உதவிய 103ஆவது இடத்துக்கு இரண்டே எட்டு தள்ளி இந்த மாற்றம். வேலின் கொஞ்சம் பருமனானது. அது பக்கத்தில் உள்ள ஒரு குளுட்டாமிக் அமிலத்தை நெருக்கித் தள்ள, அது மருந்து உட்காரும் குழியில் இடித்துக்கொண்டு நிற்கிறது. மருந்தின் பிடி சுமார் 180 மடங்கு தளர்ந்துவிட்டது. பிம்மைப் பிடிக்கும் வேலையை மட்டும் அந்தப் புரதம் கைவிடவே இல்லை.

அந்த ஏழு பேரும் ஆண்டுக்கணக்கில் மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டவர்கள். இப்போது சி.எல்.எல். நோயாளிகள் பலருக்கு வெனடோகிளாக்ஸை ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தோடு சேர்த்து இரண்டு ஆண்டு, அல்லது ஒபினுட்டுஸுமாப் என்ற மருந்தோடு சேர்த்து ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்துகிறார்கள். நிறுத்திய பின் நோய் திரும்பினால், அதே மாத்திரையை மறுபடி 20 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறார்கள். பலருக்கு அது மறுபடியும் வேலை செய்கிறது.